கோழி குடிக்கும் கிணறு



கோழிப்பண்ணைக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு எதைப் பற்றி நடக்கும்? தீவன விலை, முட்டை விலை, நோய். இந்த மூன்றையும்தான் சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள். தண்ணியைப் பற்றிப் பேசுவது போர் வற்றின பிறகுதான். தண்ணி வந்துகொண்டே இருந்தால் அதைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டையிடுகிற கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்றால், 200 முதல் 250 மில்லி தண்ணி குடிக்கிறது. தின்பதைப் போல் இரண்டு பங்கு. சித்திரை வெயிலில் இன்னும் கூடும். முட்டையை உடைத்து ஊற்றினால் அதில் முக்கால் பங்கு தண்ணிதான். மக்காச்சோளம் வாங்கும்போது கையில் அள்ளி, கடித்துப் பார்த்து, பூஞ்சணம் இருக்கிறதா என்று மோந்தும் பார்க்கிறோம். அதைப் போல் இரண்டு பங்கு கோழியின் வயிற்றுக்குள் போகிற தண்ணியை அப்படிச் சோதிக்கிறோமா?

கிணற்றுக்கும் கோழிக்கும் உள்ள உறவுக்கு நூறு வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதுதான் இன்றைய பேச்சு. கதை அமெரிக்காவுக்கும் போகும், ஆஸ்திரேலியாவுக்கும் போகும். ஆனால் நம் நாமக்கல் சீமைக்குத்தான் வந்து சேரும். கதையின் சாரத்தை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கோழி பெருகப் பெருக, கிணறு ஆழம் போகப் போக, தண்ணியின் குணம் மாறுகிறது. மாறினது கண்ணுக்கும் தெரியாது, பல சமயம் நாக்குக்கும் தெரியாது. சோதனை போட்டால்தான் தெரியும்.

கவலை இறைத்த காலம்

மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நாற்பது அடி, ஐம்பது அடித் திறந்த கிணறு. அதிலே ஊறுகிறது பெரும்பாலும் நேற்றைய மழைத் தண்ணி. பாறையோடு அதிக நாள் ஒட்டி உறவாடாத தண்ணி என்பதால் பல இடங்களில் உப்புக் குறைவு. வீட்டுக்கு வீடு ஐந்து நாட்டுக்கோழி, பத்து நாட்டுக்கோழி இருக்கும். அவை வாய்க்காலிலும் மாட்டுத் தொட்டியிலும் குடித்துக்கொள்ளும்.

அந்தக் காலத்துத் தண்ணிக்குக் கேடு மேலே இருந்துதான் வந்தது. மழை பெய்தால் சாணமும் எச்சமும் அடித்துக்கொண்டு கிணற்றுக்குள் போகும். கிருமி சேரும். கோழிக்குக் கழிச்சல் வரும். ஆனால் பத்துக் கோழியில் இரண்டு போனால் வீட்டுக்காரம்மா வருத்தப்படுவார்கள், அத்தோடு முடிந்தது. குடும்பம் கவிழ்ந்துவிடாது. பத்துக் கோழி பத்தாயிரம் ஆனபோதுதான் தண்ணி ஒரு பிரச்சினை ஆனது.

ஐம்பது கேட்டார், ஐநூறு வந்தது

அமெரிக்காவில் டெலவேர் என்று ஒரு சின்ன மாநிலம். கடலோரம். அங்கே ஓஷன் வியூ என்ற ஊரில் செசில் ஸ்டீல் என்ற அம்மையார் இருந்தார். 1923-ல் அவர் முட்டைக்காக ஐம்பது குஞ்சு கேட்டு எழுதினார். தவறுதலாக ஐநூறு குஞ்சு வந்து இறங்கியது. திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்து, கறிக்கு விற்றார். நல்ல லாபம். 1926-ல் பத்தாயிரம் கோழிக்கு அவர் கொட்டகை கட்டிவிட்டார். அக்கம் பக்கத்து விவசாயிகளும் பார்த்துவிட்டு இறங்கினார்கள். கறிக்கென்றே கோழி வளர்க்கிற தொழில் அங்கேயிருந்துதான் பெருகியது என்று அமெரிக்காவில் சொல்வார்கள்.

அந்தப் பகுதி மணற்பாங்கான பூமி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. கோழி வளர்க்கவும் நல்லது, பின்னால் வந்த கறி ஆலைகளுக்கும் நல்லது. ஆனால் மணலுக்கு ஒரு குணம் உண்டில்லீங்களா? மேலே ஊற்றுவதை அப்படியே கீழே விட்டுவிடும். பத்தாயிரம் முட்டைக்கோழி இருந்தால் நாளைக்கு ஏறத்தாழ ஒரு டன் பச்சை எரு விழும். கறிக்கோழிக்கும் அதன் எடைக்குத் தக்கபடி உண்டு. அந்த எருவை அக்கம் பக்கத்து நிலத்திலேயே வருஷா வருஷம் கொட்டினார்கள். பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருந்த தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, மழைத் தண்ணியோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போனது.

நைட்ரேட் அப்படி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஐயோவா மாநிலத்து டாக்டர் ஹன்டர் காம்லி. 1945-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பண்ணை வீட்டுக் கைக்குழந்தைகள் சில நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்கு வந்தன. ஆஸ்பத்திரியில் தெளியும், வீட்டுக்குப் போனால் திரும்பவும் நீலம் பாரிக்கும். பார்த்தால், வீட்டுக் கிணற்றுத் தண்ணியில் கலந்த பால்தான் காரணம். அந்தத் தண்ணியில் நைட்ரேட் மிகுதி. வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. நம் நாட்டில் குடிநீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்று வரம்பு வைத்திருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

வளர்ந்த கோழி நைட்ரேட்டைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஆனால் கிணற்றில் நைட்ரேட் ஏறியிருக்கிறது என்றால், எருவோ சாக்கடையோ அந்தக் கிணற்றுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அதே வழியில் நாளைக்குக் கிருமியும் வரும். அந்தக் கிணற்றில் குடிக்கிற பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் ஆபத்து. டெலவேரிலும் அடுத்த மாநிலமான மேரிலாந்திலும் நிலைமை முற்றிப் போய், 1998-லும் 1999-லும் சட்டம் போட்டார்கள். நிலத்துக்கு எவ்வளவு எரு போடலாம் என்று திட்டம் எழுதி வைத்து, அதன்படிதான் போட வேண்டும். எழுபது வருஷம் கொட்டிவிட்டு வந்த சட்டம். மண்ணுக்குள் இறங்கின நைட்ரேட்டோ சட்டம் வந்த மறுநாளே போய்விடாது. நிலத்தடித் தண்ணி மெள்ள மெள்ளத்தான் நகரும். கெடுவதற்கு ஆன காலம் தெளிவதற்கும் ஆகும்.

மேட்டாங்காட்டில் கோழி வந்தது

இப்போது நம் ஊருக்கு வருவோம். நாமக்கல் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர்தான் மழை. காவிரியை ஒட்டின மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் போக, மற்றதெல்லாம் வானம் பார்த்த மேட்டாங்காடு. மழை ஏமாற்றின பூமியில் மக்கள் வேறு தொழில் தேடினார்கள். லாரி வந்தது, லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை வந்தது, 1970-களில் கோழிப்பண்ணையும் வளர்ந்தது. 1982-ல் முட்டை விலையைப் பண்ணையாளர்களே பேசி அறிவிக்கத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்டது. 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1989-ல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. அப்புறம் சொல்ல வேண்டுமா?

தண்ணி இல்லாத ஊருக்குக் கோழி ஏற்ற தொழில்தான். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணி என்று வைத்தால் 48 லட்சம் லிட்டர் ஆகிறது. பத்தாயிரம் கோழி வருஷம் முழுக்கக் குடித்தாலும் எட்டு லட்சம் லிட்டர், ஒன்பது லட்சம் லிட்டர்தான். ஆறில் ஒரு பங்கு. ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். கோழிக்குத் தண்ணி கொஞ்சம் போதும், ஆனால் அது நல்ல தண்ணியாக இருக்க வேண்டும். தென்னைக்குப் பாய்கிற சப்பைத் தண்ணி எல்லாம் கோழிக்கு ஆகாது.

அதே காலத்தில்தான் கிணறும் மாறிக்கொண்டிருந்தது. 1967-ல் வட இந்தியாவில் வறட்சி வந்தபோது, கெட்டிப் பாறையைக் காற்றழுத்தத்தால் குடைகிற ரிக் இயந்திரங்களை யுனிசெஃப் நிறுவனம் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. பிறகு அந்தத் தொழில் நம் திருச்செங்கோட்டில் வேர் பிடித்தது. இன்றைக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் அபூர்வம். ஊருக்கெல்லாம் போர் போட்டவர்கள் நம் ஊரை மட்டும் விட்டுவைப்பார்களா? 1990-ல் விவசாய மின்சாரமும் இலவசமானது. திறந்த கிணறு வற்ற, அதற்குள்ளே போர் இறங்கியது. இருநூறு அடி, ஐநூறு அடி என்று போய், இன்றைக்கு ஆயிரம் அடி என்றாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

கீழே இருப்பது கருங்கல் பாறை. தண்ணி நிற்பது அதன் வெடிப்பிலும் இடுக்கிலும்தான். அங்கே வருஷக்கணக்கில் தங்கி, பாறையில் உள்ளதை எல்லாம் கரைத்து வைத்துக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு, மக்னீசியம், உப்பு, சில இடங்களில் இரும்பு, சில இடங்களில் புளோரைடு. பாறையிலிருந்து வருகிற கேடு புதிதல்ல. அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம், எலும்பை முடக்குகிற நோய்க்குக் கிணற்றுத் தண்ணியின் புளோரைடே காரணம் என்று 1937-லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக, பழைய கிணற்றுக்குக் கேடு மேலே இருந்து வந்தது. புதிய போருக்குக் கீழே இருந்தும் வருகிறது. மேலே எருக்குழியும் சரியாக இல்லையென்றால், இரண்டு பக்கமும் இடி.

சிட்னியில் கண்ட உண்மை

1974-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு கால்நடைகளின் குடிநீருக்கு ஒரு அளவு வகுத்தது. கரைந்த உப்பு எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கோழிக்குக் கவலை இல்லை. 1,000-லிருந்து 3,000 வரை குடிக்கும், ஆனால் எச்சம் தண்ணியாகப் போகலாம். 3,000-க்கு மேல் கோழிக்கு நல்லதல்ல. வளர்ச்சி குறையும், சாவு கூடும். 5,000-க்கு மேல் கொடுக்கவே கூடாது.

அப்படியானால் 2,000 உள்ள தண்ணி பரவாயில்லை என்றுதானே தோன்றும்? பண்ணைக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்போதுதான் ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்து பால்னேவ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் 1986 முதல் ஒரு உண்மையை வெளியிட்டார்கள். அந்த நாட்டிலும் பல பண்ணைகளுக்குப் போர்த் தண்ணிதான் கதி. நல்ல தண்ணியில் சாப்பாட்டு உப்பை லிட்டருக்கு 600 மில்லிகிராம் கலந்து முட்டைக்கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழி நன்றாகத் தின்றது. முட்டை எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் முட்டை ஓடு கெட்டது. கீறல் முட்டை, ஓடு மெலிந்த முட்டை, தோல் முட்டை கூடின. உப்புத் தண்ணியை நிறுத்தி நல்ல தண்ணி கொடுத்த பிறகும் ஓடு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஏன் என்றும் ஆராய்ந்தார்கள். முட்டை ஓடு என்பது சுண்ணாம்போடு கரியமிலச் சத்து சேர்ந்து இறுகுவது. கருப்பையில் ஒரு முட்டைக்கு ஓடு கட்ட ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகிறது. உப்புத் தண்ணி குடித்த கோழியின் கருப்பையில் அந்தக் கரியமிலச் சத்தைத் தயார் செய்கிற நொதியின் வேலை மந்தப்பட்டுவிட்டது. சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, சேர்த்துக் கட்டுகிற கொத்தனார்தான் சோர்ந்து போனார். இது தெரியாமல் நாம் தீவனத்தில் கிளிஞ்சலை அள்ளி அள்ளிப் போட்டால் என்ன பிரயோசனம்?

எல்லாக் கோழியும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. வயசான கோழி, வெயில், நோய் இவற்றாலும் ஓடு மெலியும். அதனால் எடுத்த எடுப்பில் தண்ணியின் மேல் பழி போட வேண்டாம். ஆனால் சந்தேகப்பட வேண்டிய பட்டியலில் தண்ணியையும் சேருங்கள். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள தண்ணியைக் கால் லிட்டர் குடித்தால் அரை கிராம் உப்பு உள்ளே போகிறது. தீவனத்தில் நாம் சேர்க்கிற உப்பே நூறு கிராமுக்கு 0.3, 0.4 கிராம்தான். பத்தாயிரம் கோழிப் பண்ணையில் நாளைக்கு ஒன்பதாயிரம் முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்று கூடுதலாக உடைந்தால் நாளைக்கு 90 முட்டை. வருஷத்துக்கு 32,000-க்கு மேல். நல்ல தண்ணிக்கு ஆகிற செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முட்டை கழுவுகிற தண்ணி, கறி கழுவுகிற தண்ணி

கோழி குடிப்பதோடு தண்ணியின் வேலை முடியவில்லை. 1944-ல் ஷேட், கரோலின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் முட்டை வெள்ளைக்கரு ஏன் சீக்கிரம் கெடுவதில்லை என்பதற்கு ஒரு விடை கண்டார்கள். கிருமி பெருக இரும்புச் சத்து வேண்டும். வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதம் அந்த இரும்பைக் கட்டிப் போட்டுவிடுகிறது. கிருமி பட்டினி. இது இயற்கை கொடுத்த காவல். ஆனால் இரும்பு மிகுந்த தண்ணியில் முட்டையைக் கழுவினால், ஓட்டின் நுண்துளை வழியாக இரும்பும் உள்ளே போய்க் கிருமிக்குச் சோறு போட்டுவிடும். 1960-களின் தொடக்கத்தில் இது தெளிவானது. அமெரிக்காவில் முட்டை கழுவும் தண்ணியில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கக் கூடாது என்று விதியே உண்டு.

தண்ணி முட்டையைவிடச் சூடாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணியில் போட்டால் முட்டைக்குள் இருப்பது சுருங்கி, வெளியே இருக்கிற அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே, அழுக்கு முட்டையைச் செம்மண் நிறமாக வருகிற போர்த் தண்ணியில் முக்கி எடுப்பதைவிடத் துணியால் உலர்வாகத் துடைப்பதே மேல்.

கறிக்கோழி ஆலையில் வெந்நீர், இறகு பிடுங்குதல், கழுவுதல், குளிரவைத்தல் என்று ஒரு கோழிக்கு 20 முதல் 40 லிட்டர் வரை செலவாகிறது. கடினத் தண்ணியாக இருந்தால் கொதிகலனில் உப்புப் படிந்து விறகும் மின்சாரமும் வீணாகும். காரம் மிகுந்த தண்ணியில் குளோரின் சரியாக வேலை செய்யாது. வெளியே வருவதோ இரத்தமும் கொழுப்பும் கலந்த தண்ணி. டெலவேரில் அப்படிப்பட்ட கழிவுநீரை வயலில் பாய்ச்சின இடத்துப் பக்கம் வீட்டுக் கிணறுகளில் நைட்ரேட் ஏறி, கோர்ட்டு வரைக்கும் போனது. பெரிய ஆலைக்கு மட்டுமல்ல, சந்தைப்பேட்டைக் கறிக்கடைக்கும் இது பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதுகிறோம் அல்லவா? கிணற்றுக்கும் ஒரு ஜாதகம் எழுதி வையுங்கள். ஒரு நோட்டில் போரின் ஆழம், போட்ட வருஷம், சோதனை முடிவுகள். வருஷத்துக்கு இரண்டு தடவை, கோடை முடிவிலும் மழைக்குப் பிறகும் சோதியுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணியில் அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் சோதனைக்கூடத்தில் கொடுக்கிற கிருமி நீக்கின பாட்டிலை வாங்கி, அலசாமல் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக்கூடத்திலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். போரில் மட்டுமல்ல, கூண்டின் கடைசி நிப்பிளிலும் ஒரு மாதிரி எடுங்கள். போரில் சுத்தமாக இருந்த தண்ணி குழாய்க்குள் படிந்த வழவழப்பில் கெட்டிருக்கலாம்.

உப்பு மிகுதி என்றால் காய்ச்சினாலும் போகாது, பிளீச்சிங் பவுடர் போட்டாலும் போகாது. உப்புக் குறைந்த தண்ணியோடு கலப்பது, கூரைமேல் விழுகிற மழைத் தண்ணியைத் தொட்டியில் சேர்ப்பது, முடிந்தால் சுத்திகரிப்பு இயந்திரம் வைப்பது, இவைதான் வழி. கோழிக் கொட்டகைக் கூரை பெரிய கூரை. அதில் விழுகிற மழையை வீணாக்கலாமா? கூரையைக் கழுவிவிட்டு, முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். தீவன உப்பைக் குறைப்பதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கிருமிக்குப் பிளீச்சிங் பவுடர் போதும். ஆயிரம் லிட்டருக்குப் பத்துக் கிராம் அளவு. தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஆனால் வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தைத் தண்ணியில் கொடுக்கிற நாளில் குளோரின் கூடாது. கிருமியைக் கொல்கிற குளோரின் தடுப்பு மருந்தில் உள்ள உயிரையும் கொன்றுவிடும். இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, லிட்டருக்கு இரண்டு, இரண்டரைக் கிராம் கொழுப்பு நீக்கின பால் தூளைக் கலந்து, அரை மணி கழித்து மருந்தைக் கலக்குங்கள்.

எருவைப் போர் பக்கத்தில் குவிக்காதீர்கள். குவிக்கிற இடம் மேடாக, தரை இறுகி, மேலே மழை படாமல் இருக்கட்டும். செத்த கோழிக் குழியை கிணற்றுக்கு எட்டத்திலே, தாழ்வான பக்கத்திலே வையுங்கள். பாழடைந்த போரையும் பழைய கிணற்றையும் குப்பைக் குழியாக்காதீர்கள். அதில் போடுவதும் ஊற்றுவதும் நேராகப் பாறை இடுக்குக்கே போய்விடும். ஒரு தடவை போனால் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் கொட்டகைக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஊற்றுக்கண் ஒன்றாகவே இருக்கலாம்.

இந்த மாதமே முதல் பாட்டிலைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வந்ததும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை டாக்டர் பண்ணைக்கு வரும்போது, தீவனச் சீட்டோடு அந்த நோட்டையும் காட்டுங்கள்.